ஏழில் நான்கு

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது வாசியுங்கள். காக்காவின் மகனிடம் கேட்டு, அவன் "எழுதுங்க சாச்சா" என்று சொன்ன பிறகுதான் எழுதுகிறேன். மதினிக்கும் வாசித்துக் காட்டிவிட்டேன்.

பத்தாம் தரத்துக்குப் புவியியல் படிப்பிக்கிறேன். சமவுயரக் கோடுகள் வரும் வாரம் எனக்கு எப்போதும் சிரமமான வாரம். கல்முனைப் பிள்ளைகளுக்கு மலை தெரியாது. கிழக்கே கடல், மேற்கே வயல். எங்கள் ஊரில் நின்று பார்த்தால் ஆக உயரமாகத் தெரிவது பள்ளிவாசல் மினாராதான். மழை விட்ட சில காலைகளில் மேற்கே, வயலுக்கும் அப்பால், நீலமாக ஒரு கோடு தெரியும். அதுதான் மலை என்று சொல்லிக் கொடுப்பேன். அவ்வளவுதான்.

வகுப்பில் ஒரு வழி வைத்திருக்கிறேன். இடது கையைப் பொத்திப் பிடித்து, விரல் மொளிகளைச் சுற்றிப் பேனையால் வட்டம் போடச் சொல்லுவேன். ஒவ்வொரு மொளியும் ஓர் உச்சி. அதைச் சுற்றிச் சின்ன வட்டம், அதற்கு வெளியே பெரிய வட்டம். இரண்டு மொளிக்கு நடுவில் இருக்கும் பள்ளத்தில் கோடுகள் இடுங்கி வளையும். பிறகு கையை விரித்துக் காட்டச் சொல்லுவேன். மலை தட்டையாகி, கோடுகள் மட்டும் மிஞ்சும். அதுதான் படம். பிள்ளைகளுக்குச் சந்தோசம், எனக்கும் சந்தோசம்.

போன வருசம் ஒரு பிள்ளை கேட்டாள். "ஸேர், நீங்க இப்பிடி வரிசையா இருக்கிற மலையில ஏறியிருக்கீங்களா?"

இல்லை. 34 வயது. கல்வியியற் கல்லூரியில் இரண்டு வருசம் படித்து, ஒரு வருசம் கட்டுறுப் பயிற்சி முடித்து, பத்து வருசத்துக்கு மேல் மலையைப் பற்றிப் படிப்பித்திருக்கிறேன். ஒரு மலையின் உச்சியிலிருந்து அடுத்த உச்சிக்கு நடந்ததில்லை. அன்றே சொன்னேன், அடுத்த வருசம் போய்ப் படம் எடுத்து வந்து காட்டுறேன் என்று. கரும்பலகையில் ஏழு வட்டம் போட்டு ஏழுக்கும் சிவப்பு மார்க்கரில் புள்ளியும் வைத்தேன். அந்தப் புள்ளிகள்தான் பிறகு எனக்கு வினையாகின.

ஏழு என்றால் ஹந்தானை. கண்டி நகருக்குத் தென்மேற்கில் இருக்கும் மலைத்தொடர். ஏழு உச்சிகள் கொண்டது. ஆக உயர்ந்தது ஊராகந்த, ஏறத்தாழ 3800 அடி. பேராதனைப் பல்கலைக்கழகம் இந்தத் தொடரின் அடியில்தான் இருக்கிறது. 1942இல் கொழும்பில் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இல் இங்கே வந்த நாளிலிருந்து ஹந்தானை மாணவர்களின் மலையாகிவிட்டது. 2010 பெப்ரவரியில் இதைச் சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாகப் பிரகடனம் செய்தார்கள். பெரிய மலை ஒன்றும் இல்லை. சிவனொளிபாதமலையோடு வைத்துப் பார்த்தால் பாதியளவுதான். அதனால்தான் எனக்குத் தைரியம் வந்தது.

2025இல் நோன்புப் பெருநாள் மார்ச் 31இல் வந்தது. சித்திரைப் புத்தாண்டுக்கு முந்திய சனிக்கிழமைக்கு நாள் குறித்தோம். கல்லூரி பெட்சில் மூன்று பேர்: நிந்தவூர்க்காரன், சம்மாந்துறைக்காரன், அக்குறணையில் கல்யாணம் செய்து அங்கேயே படிப்பிக்கும் மருதமுனைக்காரன். பெயர் போட்டால் சண்டைக்கு வருவார்கள், ஊர்ப் பெயரே போதும். ஐந்தாவது ஆளாக காக்காவின் மகன். ஏஎல் எழுதிவிட்டு இருக்கிறான், வயது 20 முடிந்துவிட்டது. "சாச்சா, நானும் வாறன்" என்றான். கூட்டிக்கொண்டு போனேன்.

கல்முனையிலிருந்து இரவு பஸ். அம்பாறை, மகாஓயா, மகியங்கனை தாண்டி, பதினெட்டு வளைவில் பஸ் மூச்சு வாங்கி ஏறும்போது நான் விழித்திருந்தேன். ஒவ்வொரு வளைவிலும் காது அடைத்துத் திறந்தது. கண்டியில் இறங்கி ஸுபஹ் தொழுது, பிளேன்டியும் பணிஸும் சாப்பிட்டு, ஓட்டோவில் ஹந்தானை வீதியால் மேலே போனோம். வழியில் தேயிலை நூதனசாலை. 1925இல் கட்டிய பழைய தேயிலைத் தொழிற்சாலை அது. அதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் தேயிலைக்குள் இறங்கி நடக்கத் தொடங்கும்போது ஏழு மணி ஆகியிருந்தது.

வசந்தம் என்று புத்தகத்தில் படிப்பிக்கிறோம், எங்கள் நாட்டில் அப்படி ஒரு பருவம் இல்லை என்று அதே வாயால் சொல்லியும் கொடுக்கிறோம். ஆனால் அன்று காலை பார்த்ததை வேறு என்னவென்று சொல்ல? முள்முருங்கை இலை இல்லாமல் சிவப்பாகப் பூத்து நின்றது. குயில் ஒன்று விடாமல் கூவியது. சிங்கள மக்களுக்கு இந்தப் பூவும் இந்தக் குயிலும்தான் புத்தாண்டின் அறிவிப்பு. காற்று குளிராகவும் வெயில் சூடாகவும் ஒரே நேரத்தில் இருந்தது. எங்கள் ஊர் வெயிலில் வளர்ந்தவனுக்கு இது புதுசு.

லயத்துப் பக்கம் ஓர் அம்மா விறகு கட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் தமிழில் பேசுவதைக் கேட்டு நிமிர்ந்தார்.

"எங்க தம்பிங்களா, மேலயா?"

"ஓம் அம்மா. ஏழு மலையும் போய் அங்கால பேராதனைப் பக்கம் இறங்கப் போறம்."

"போங்க, போங்க. ஆனா ரெண்டு மணிக்கு மேல உச்சியில நிக்காதீங்க. இப்ப தினமும் இடி. இருட்டிக்கிட்டு வந்தா எறங்கிடுங்க. போட்டோ புடிச்சிக்கிட்டு நிக்காதீங்க."

நான் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். இது எனக்குத் தெரியாதா? மார்ச்சும் ஏப்ரலும் முதலாவது இடைப்பருவப் பெயர்ச்சிக் காலம். காலையில் வெயில் தரையைச் சூடாக்கும். சூடான ஈரக் காற்று மேலே எழும். கடற்காற்று இரண்டு பக்கத்தாலும் உள்ளே வந்து மலைநாட்டுக்கு மேல் சந்திக்கும். மத்தியானத்துக்குள் முகில் கோபுரமாக வளர்ந்து, பின்நேரம் இடியோடு கொட்டும். மேற்காவுகை மழை. ஐந்து புள்ளிக் கேள்வி. வானிலை அறிக்கையில் தினமும் "பிற்பகல் 2.00 மணிக்குப் பின்னர்" என்று வருவதும் இதுதான். கரும்பலகையில் அம்புக்குறி போட்டுப் படிப்பித்தவன் நான். அந்த அம்மா ஐந்து புள்ளியையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு விறகைத் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

முதலாவது உச்சி வரை தேயிலை, பிறகு பைனஸ், பிறகு மானாப் புல். புல் இடுப்பு உயரம். ஓரம் வாள் மாதிரி. கையை விசுக்கி நடந்தால் கீறும். அட்டைக்குச் சவர்க்காரம் பூசிக்கொண்டு போனது நல்லதாகப் போயிற்று. உச்சியில் ஏறியதும் நாங்கள் ஐந்து பேரும் ஒன்றும் பேசவில்லை. கீழே கண்டி நகரமும் வாவியும், ஒரு பக்கம் மகாவலி வளைந்து போவதும், தூரத்தில் நக்கிள்ஸ் தொடரும். பொத்திய கையின் மொளிகளைப் போல இருப்பதால்தான் அதற்கு அந்தப் பெயர். பத்து வருசமாக வகுப்பில் நான் காட்டிய கை அங்கே வானத்தோடு நின்றது.

சம்மாந்துறைக்காரன் வயல்காரக் குடும்பம். அவன் பார்ப்பது வேறு. "மச்சான், இந்த மழையெல்லாம் எங்க போற?" என்றான். ஹந்தானையில் விழுவது மகாவலிக்குப் போய்த் திருகோணமலைப் பக்கம் கடலில் சேரும் என்றேன். எங்கள் வயலுக்கு வருவது கல்லோயா. அது பதுளைக்குக் கிழக்கே இருக்கும் மலைகளில் பிறந்து, இங்கினியாகலையில் சேனநாயக்க சமுத்திரமாகத் தேங்கி, வாய்க்காலில் எங்களுக்கு வருகிறது. அவன் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டுச் சொன்னான்: "நம்மட சோத்துக்குத் தண்ணி தாற மலைய நாம ஒருநாளும் போய்ப் பாத்ததில்ல."

இரண்டாவது உச்சிக்கு அரை மணித்தியாலம் என்று கணக்குப் போட்டிருந்தேன். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. இங்கேதான் படத்துக்கும் காலுக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்தது. நான் பார்த்துப் போன படத்தில் இரண்டு கோட்டுக்கு இடையில் 20 மீற்றர். அதாவது, 15 மீற்றர் இறங்கி 15 மீற்றர் ஏறும் ஒரு பள்ளம் படத்தில் தெரியாமலே போகலாம். ஐந்து மாடி அளவு இறங்கி ஐந்து மாடி அளவு ஏறுகிறோம், படத்தில் அது வெறும் வெள்ளை. அப்படி எத்தனை வெள்ளை! சின்ன மலைகள் இலேசு என்று நினைத்தது என் பிழை. பெரிய மலையில் ஒருதரம் ஏறி ஒருதரம் இறங்கினால் முடிந்தது. இங்கே ஒவ்வொரு உச்சியிலும் கஷ்டப்பட்டுச் சம்பாதித்த உயரத்தை அடுத்த பள்ளத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து சம்பாதிக்க வேண்டும்.

மூன்றாவது உச்சியில் பேரீச்சம்பழமும் வீட்டிலிருந்து கட்டி வந்த புட்டும் சாப்பிட்டோம். நிந்தவூர்க்காரனின் சப்பாத்தின் அடி வாய் திறந்தது. கயிற்றால் கட்டிக்கொண்டான். நாலாவது உச்சியில் ஏறும்போது 12.40. மூன்று மலை மிச்சம். ஊராகந்தவை வேறு கடைசிக்கு வைத்திருந்தோம்.

தெற்கே வானம் கறுத்திருந்ததை எல்லோரும் பார்த்தோம். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. முதலாவது இடி மெதுவாகத்தான் கேட்டது. யாரோ தூரத்தில் லொறியிலிருந்து பலகை இறக்குவது போல.

"இன்னும் தூரம்," என்றேன் நான்.

அடுத்த மின்னல் தெரிந்ததும் காக்காவின் மகன் வாய்க்குள் எண்ணத் தொடங்கினான். நான்தான் அவனுக்குச் சின்ன வயதில் சொல்லிக் கொடுத்தது. ஒலி மூன்று செக்கனுக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் போகும். மின்னலுக்கும் இடிக்கும் இடையில் எத்தனை செக்கன் என்று எண்ணி மூன்றால் பிரித்தால் தூரம் தெரியும். முப்பது செக்கனுக்குள் வந்தால் பத்துக் கிலோமீற்றருக்குள் என்று அர்த்தம். அப்போது வெளியில் நிற்கக் கூடாது. கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் போகும்வரை வெளியே வரவும் கூடாது.

"இருவத்தி நாலு," என்றான். "எட்டு கிலோமீற்றர், சாச்சா."

"பக்கத்து மலைக்குப் போய் ஒரு படம் எடுத்திட்டு இறங்குவம். இருவது நிமிசம்."

"திரும்புவம் சாச்சா."

"இவ்வளவு தூரம் வந்தாச்சு மனே. ஏழு எண்டு பிள்ளையளுக்குச் சொல்லியிருக்கன். நீங்க எல்லாரும் இறங்குங்க. நான் ஓடிப் போய்ப் பாத்துட்டு வாறன்."

சொல்லி முடித்ததும் என் வாயிலிருந்து வந்த சொல் எனக்கே கேட்டது.

பாத்துட்டு வாறன்.

இனிச் சொல்லப் போவதை இருபது வருசமாக யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. எனக்கு 13 வயது. எங்கள் வீடு கல்முனைக்குடியில் கடற்கரைப் பக்கம். காக்காவுக்கு 24. கல்யாணம் முடித்து, மகன் பிறந்து எட்டு மாதம். காலையில் கடல் தெருவுக்குள் வந்துவிட்டது என்று சத்தம் கேட்டது. முதலில் வந்த தண்ணீர் எங்கள் தெருவில் முழங்கால் அளவுதான். காக்கா மகனைத் தோளில் போட்டுக்கொண்டு, மதினியையும் உம்மாவையும் என்னையும் இழுத்துக்கொண்டு பிரதான வீதிக்கு ஓடினார். அங்கே வந்து நின்றோம். தண்ணீர் திரும்பிப் போய்விட்டது என்று ஆட்கள் சொன்னார்கள். கடல் உள்ளே இழுத்துக் கிடக்கிறது, தரை தெரிகிறது என்றார்கள். கொஞ்சப் பேர் பார்க்கப் போனார்கள். காக்கா மகனை என் கையில் தந்தார்.

"நீ நில்லு. நான் பாத்துட்டு வாறன்."

அவ்வளவுதான். இரண்டாவது அலை வந்தபோது நான் குழந்தையோடு வயல் பக்கம் ஓடினேன். காக்காவின் ஜனாஸா மூன்றாம் நாள் கிடைத்தது. அந்த ஒரு நாளில் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மௌத்தானார்கள். நாட்டிலேயே எங்கள் மாவட்டத்தில்தான் ஆகக் கூடுதல். இதை வாசிக்கும் உங்களில் பலருக்கு நான் சொல்லத் தேவையில்லை. உங்கள் வீட்டிலும் ஒரு பெயர் இருக்கும்.

காக்காவின் மகன் வளர்ந்து "வாப்பா எப்படி மௌத்தானார்?" என்று கேட்டபோது உம்மா ஒரு கதை சொன்னார். வயசான ஒரு பெண்ணைத் தூக்கி வரத் திரும்பிப் போனார் என்று. அப்படிப் போனவர்களும் எங்கள் ஊரில் இருந்தார்கள். கதை பொய்யாகத் தெரியவில்லை. நானும் மதினியும் மறுத்துப் பேசவில்லை. உம்மா இப்போது ஹயாத்தோடு இல்லை. அவருடைய மனசை அல்லாஹ் அறிவான்.

ஆனால் எனக்குக் காக்கா மீது கோபம். வெட்கத்தோடு எழுதுகிறேன். ஒவ்வொரு டிசம்பர் 26இலும் 9.25க்கு இரண்டு நிமிடம் மௌனமாக நிற்கும்போது மற்றவர்கள் துஆச் செய்வார்கள். நான் மனசுக்குள் சண்டை பிடிப்பேன். கையில் எட்டு மாதப் பிள்ளை இருக்கும்போது ஏன் பார்க்கப் போனீர்கள்? என்ன இருந்தது பார்க்க? புத்தி உள்ள மனிசன் போவானா? சுனாமி ஒரு அலை அல்ல, பல அலைகள், முதல் அலை ஆகப் பெரிய அலையாக இருக்க வேண்டியதில்லை என்று ஒவ்வொரு வருசமும் வகுப்பில் படிப்பிக்கும்போது என் குரல் தேவைக்கு மேல் உயரும். பிள்ளைகளுக்குக் காரணம் தெரியாது. அன்று இதை எங்களுக்குச் சொல்ல இந்து சமுத்திரத்தில் எச்சரிக்கை ஏற்பாடு ஒன்றும் இருக்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தும் கோபம் போகவில்லை.

நாலாவது உச்சியில் நின்றுகொண்டு, மேற்காவுகை மழைக்கு அம்புக்குறி போடத் தெரிந்த நான், இடி எட்டுக் கிலோமீற்றரில் என்று எண்ணிச் சொன்ன பிறகும், வெட்ட வெளி முகட்டில், ஒரு படத்துக்காக, "பாத்துட்டு வாறன்" என்று சொல்லியிருந்தேன். காக்காவுக்கு எச்சரிக்கை சொல்ல யாரும் இருக்கவில்லை. எனக்கு விறகு கட்டிய அம்மா சொன்னார், வானிலை அறிக்கை சொன்னது, என் பாடப் புத்தகம் சொன்னது, பக்கத்தில் நின்று அவருடைய மகன் சொன்னான். நான் சாகப் போகிறேன் என்று ஒரு கணமும் நினைக்கவில்லை. இருபது நிமிசம், ஒரு படம், அவ்வளவுதான் என் மனசில் இருந்தது. காக்காவின் மனசிலும் அவ்வளவுதான் இருந்திருக்கும். ஐந்து நிமிசம். ஒரு பார்வை.

"திரும்புவம்," என்றேன்.

வந்த வழியால் போகாமல், முகட்டை விட்டு இறங்க ஆகக் கிட்டிய பக்கம் பார்த்தோம். நாலாவதுக்கும் ஐந்தாவதுக்கும் இடையில் இருந்த பள்ளத்தால் ஓர் ஒற்றையடிப் பாதை தேயிலைக்குப் போனது. அக்குறணை மாப்பிள்ளைக்கு அது தெரிந்திருந்தது. ஒருவருக்கு ஒருவர் இடைவெளி விட்டு, மரத்தடியில் ஒதுங்காமல் இறங்கினோம். 1.30 போல மழை பிடித்தது. எங்கள் ஊர் மாரி மழை மாதிரி நேராகப் பெய்யவில்லை. பக்கவாட்டில் அறைந்தது. திரும்பிப் பார்த்தேன். உச்சிகள் ஒன்றும் இல்லை. நாலும் இல்லை, ஏழும் இல்லை. எல்லாம் வெள்ளை. பாதை சிற்றாறாகிவிட்டது. ஹந்தானையில் புகாருக்குள் அகப்பட்டு வழி தவறி, இரவில் தேடி மீட்கப்பட்ட மாணவர்களைப் பற்றிய செய்திகளை எத்தனையோ தடவை வாசித்திருக்கிறேன். எப்படி வழி தவறுகிறார்கள் என்று யோசித்ததுண்டு. இப்போது யோசிக்கத் தேவையில்லை.

ஒரு லயத்து வாசலில் ஒதுங்கினோம். காலையில் பார்த்த அம்மாவின் வீடு இல்லை, வேறு வீடு. ஆனாலும் கதவைத் திறந்து வாங்கு போட்டுத் தந்தார்கள். யாரென்று கேட்கவில்லை. இஞ்சி போட்ட பிளேன்டி வந்தது. இடம் கேட்டதும் பாய் ஒன்றும் விரித்துத் தந்தார்கள். லுஹரையும் அஸரையும் சேர்த்துச் சுருக்கித் தொழுதோம். நிந்தவூர்க்காரன் இமாமத் செய்தான், கயிறு கட்டிய சப்பாத்தை வாசலில் வைத்துவிட்டு.

மழை விடும் வரைக்கும் நேரம் இருந்தது. காக்காவின் மகன் என் பக்கத்தில் வாங்கில் இருந்தான். காலில் அட்டை கடித்த இடத்தில் இரத்தம் நிற்காமல் வந்துகொண்டிருந்தது, துடைத்துக்கொண்டிருந்தான்.

"சாச்சா, மேல ஏன் சட்டெண்டு மனசு மாறின?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். வயசான பெண் யாரும் இல்லை, அவர் பார்க்கத்தான் போனார் என்று. உன்னை என் கையில் தந்துவிட்டுப் போனார் என்று. இத்தனை வருசமும் அவர் மேல் எனக்குக் கோபம் இருந்தது என்றும் சொன்னேன்.

அவன் நிறைய நேரம் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்குத் தெரியும்," என்றான். "உம்மா ஏஎல் எழுதின வருசம் சொல்லிட்டா."

"எனக்கு ஏன் செல்லல்ல?"

"நீங்க மறைச்சு வெச்சிருந்தீங்க. கேட்டா ஒங்களுக்குக் கஷ்டமா இரிக்கும் எண்டு நினைச்சன்."

இருபது வருசம் நான் அவனைக் காப்பாற்றி வந்தேன் என்று நினைத்திருந்தேன். இரண்டு வருசமாக அவன் என்னைக் காப்பாற்றி வந்திருக்கிறான்.

பிறகு அவன் கேட்டது ஒன்றுதான். "வாப்பாவும் ஒங்கள மாதிரித்தானா சாச்சா? புதுசா ஒண்டக் கண்டா பாக்காம இருக்க ஏலாதா?"

"ஓம் மனே," என்றேன். "அப்பிடித்தான். கடல்ல புதுசா ஒரு மீன் பட்டா முழுத் தெருவையும் கூட்டிக் காட்டுவாரு."

அவன் சிரித்தான். எனக்கு அழுகை வந்தது. சம்மாந்துறைக்காரன் பிளேன்டிக் கோப்பையை என் கையில் தந்துவிட்டு, ஒன்றும் காணாதவன் போல வெளியே பார்த்தான். அவன் வீட்டிலும் ஒரு பெயர் இருக்கிறது.

மாலை ஐந்து மணி போல மழை விட்டது. கடைசி இடி கேட்டு முப்பது நிமிடத்துக்கு மேலாகியும் காத்திருந்துதான் இறங்கினோம். பின்னால் பார்த்தபோது மலைகள் ஏழும் கழுவி வைத்தது போல நின்றன. கொஞ்சம் ஏளனம் மாதிரித்தான் இருந்தது. யாரும் படம் எடுக்கவில்லை.

பாடசாலை தொடங்கியதும் பத்தாம் தரத்துக்குப் போய் ஏழு வட்டம் போட்டேன். நாலுக்குச் சிவப்புப் புள்ளி வைத்தேன். மூன்றை வெறுமையாக விட்டேன். கேள்வி கேட்ட பிள்ளை இந்த வருசம் பதினொராம் தரம், ஆனாலும் வாசலில் வந்து நின்று பார்த்தாள்.

"ஸேர், மூண்டு குறையுது."

"ஓம். குறையுது. ஏன் குறையுது எண்டு யார் செல்லுவீங்க?"

மின்னல் கணக்கைச் சொல்லிக் கொடுத்தேன். முகட்டில் நிற்பவன் அந்த இடத்தில் ஆக உயரமான பொருள் என்பதைச் சொல்லிக் கொடுத்தேன். படத்தில் தெரியாத பள்ளங்களைச் சொல்லிக் கொடுத்தேன். பிறகு சுனாமி அலைகளைப் பற்றியும் சொன்னேன். அந்த முறை குரல் உயரவில்லை. பார்க்கப் போனவர்களைப் பற்றிச் சொல்லும்போது, "புத்தி இல்லாதவங்க போனாங்க" என்று இத்தனை வருசமும் சொன்ன வசனம் வாய்க்கு வந்தது. அதை விட்டுவிட்டு இப்படிச் சொன்னேன்: "என்னை மாதிரி ஆட்கள் போனாங்க. ஒங்களை மாதிரி ஆட்களும் போவாங்க. அதாலதான் முன்கூட்டியே முடிவெடுத்து வெச்சிருக்கணும். பாக்கணும் எண்ட ஆசை வாற நேரத்தில யோசிக்க ஏலாது."

மலைக்குப் போகிற தம்பிமாருக்கு ஒரு வார்த்தை. போங்கள். எங்கள் பிள்ளைகள் கடலை மட்டும் பார்த்து வளரத் தேவையில்லை. ஆனால் மார்ச், ஏப்ரல் மாதங்களில் விடியத் தொடங்குங்கள், மத்தியானத்துக்கு முகட்டை விட்டு இறங்கிவிடுங்கள். எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று கீழேயே பேசி முடிவெடுங்கள், மேலே ஏறிய பிறகு அல்ல. அந்த இடத்து ஆட்கள் ஒன்று சொன்னால் சிரித்துக்கொண்டு தலையாட்டாமல் கேளுங்கள். உங்களில் ஆக வயது குறைந்தவன் "திரும்புவம்" என்று சொன்னாலும் திரும்புங்கள்.

போன வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு மையவாடிக்குப் போனேன். காக்காவின் மகனும் வந்தான். அந்தத் தடவை சண்டை பிடிக்கவில்லை. துஆ மட்டும் செய்தேன்.

யா அல்லாஹ், அவருடைய பிழைகளைப் பொறுத்தருள்வாயாக. என்னுடையதையும்.

மற்ற மூன்று மலையும் அங்கேயேதான் இருக்கின்றன. அடுத்த வருசம் இன்ஷா அல்லாஹ். எத்தனை மணிக்குத் திரும்புவது என்பதை அவன்தான் சொல்லுவான்.